புரி அவிழ்ந்த கயிறு: நானோ திசுச் சாரங்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

திசுப் பொறியியலில் நானோ பொருட்களின் பயன் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் "இது எப்படி வேலை செய்யுது, எங்க உடையும்?" என்று கேட்பது எங்கள் தொழிலில் தினசரிப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு வாசித்ததில் எனக்குத் தோன்றிய விமர்சனம்தான் இந்தக் குறிப்பு.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை "எவ்வளவு சிறியது" என்பதை மிகத் துல்லியமாக அளக்கின்றன. "உள்ளே அமைப்பு சிதையாமல் இருக்கிறதா?", "யாருடைய புண்ணுக்கு இது?" என்ற இரண்டு கேள்விகளை மட்டும் தாண்டிப் போய்விடுகின்றன.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் தியாகதுருகத்தைச் சுற்றி நெல், மரவள்ளி, கரும்பு. கரும்பு வெட்டின கொல்லையில் கட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும். அதில் வெறுங்காலோடோ தேய்ந்த செருப்போடோ நடக்கிறவர்கள் நிறைய பேர். இன்னொரு பக்கம் சர்க்கரை நோய். ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்தி 2023-ல் வெளியான இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கால் மரத்துப்போன ஒருவருக்குக் கரும்புக் கட்டை குத்தினால் வலி தெரியாது. வலி தெரியாததால் நடந்துகொண்டே இருப்பார். புண் ஆழமாகும், சீழ் வைக்கும், கடைசியில் விரலை எடுக்க வேண்டியதாகும். "ஆறாத புண்ணை நானோ தொழில்நுட்பம் ஆற்றும்" என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் வந்தால், அதை எனக்கு அனுப்பி "தம்பி, இது நெசமா?" என்று கேட்பவர்கள் இப்படிப்பட்ட குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்மையாக ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

சாரம் என்றால் என்ன

கட்டடம் கட்டும்போது சவுக்குக் கட்டை நட்டுச் சாரம் கட்டுகிறோம். கொத்தனார் அதன்மேல் நின்று வேலை செய்வார். சுவர் எழும்பிய பிறகு சாரத்தைப் பிரித்துவிடுவோம். திசுப் பொறியியலின் அடிப்படை எண்ணமும் இதேதான். தோலோ எலும்போ அழிந்த இடத்தில் ஒரு தற்காலிகச் சாரத்தை வைக்கிறோம். உடலின் செல்கள் அதில் ஏறிக் குடியேறித் தங்கள் திசுவைத் தாங்களே கட்டிக்கொள்ளும். பிறகு சாரம் கரைந்துவிட வேண்டும்.

இதில் நானோ எங்கே வருகிறது? நம் உடலில் செல்லைச் சுற்றியிருக்கும் இயற்கைச் சாரமே நானோ அளவுதான். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் நுண்ணிழைகளின் தடிமன் பத்துகளில் தொடங்கிச் சில நூறு நானோமீட்டர் வரை. எலும்பில் அந்த இழைகளுக்கு நடுவே படிந்திருக்கும் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் சில நானோமீட்டர் தடிமன்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

செல்லுக்கு இந்த அளவை உணரும் திறன் உண்டு என்பதும் உண்மை. செல்லின் மேற்பரப்பில் இண்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர். இவை பற்றிக்கொள்ளும் புள்ளிகளுக்கு இடையே இடைவெளி ஏறத்தாழ 70 நானோமீட்டரைத் தாண்டினால் செல்லால் உறுதியாகக் காலூன்ற முடிவதில்லை என்று 2000-களில் ஜெர்மனியில் நடந்த சோதனைகள் காட்டின. ஆகவே "நானோ என்பது வெறும் விளம்பரம்" என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தத் துறையின் அஸ்திவாரம் சரியானது. அதன்மேல் கட்டியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சென்னையில் கண்டுபிடித்த முப்புரி

கொலாஜனின் அமைப்பைக் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிர் என்று அங்கே வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் பேச்சுவாக்கில் சொன்னது அவருக்குப் பொறி தட்டியது. கொலாஜனுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே இருந்தது மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதில் எக்ஸ்-கதிர் செலுத்திக் கிடைத்த படங்களை வைத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் நேச்சர் இதழில் முதல் கட்டுரையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்.

அவர்கள் கண்டதை எங்கள் ஊர் மொழியில் சொன்னால் முப்புரிக் கயிறு. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன. கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம்தான் உட்கார முடியும். இப்படி முறுக்கிய ஒரு கயிற்றின் தடிமன் சுமார் 1.5 நானோமீட்டர், நீளம் சுமார் 300 நானோமீட்டர். இந்தக் கயிறுகள் வரிசையாக அடுக்கி நுண்ணிழையாகும்போது 67 நானோமீட்டருக்கு ஒருமுறை ஒரு பட்டை தெரியும்.

முறுக்கு இருப்பதால்தான் கொலாஜனுக்கு இழுவைப் பலம். அதைவிட முக்கியமான ஒன்று: செல் வந்து பிடிக்கிற சில இடங்கள், மூன்று புரியும் சேர்ந்து முறுக்கியிருந்தால்தான் செல்லுக்கு அடையாளம் தெரியும். முறுக்கு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது நம் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் தெரிந்த கதை. ஆட்டுக்காலை மணிக்கணக்கில் கொதிக்க விட்டுப் பாயா வைத்தால், ஆறியதும் அது கட்டியாக உறையும். உறைந்திருப்பது ஜெலட்டின். அதே புரதம்தான். புரி மட்டும் அவிழ்ந்துவிட்டது.

மின்சாரத்தால் நூற்கும்போது

இப்போது நானோ இழை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். அதிகம் புழங்கும் முறை மின்நூற்பு. பாலிமர் கரைசலை ஒரு சிரிஞ்சில் நிரப்பி, ஊசி முனைக்குப் பத்து, இருபதாயிரம் வோல்ட் கொடுக்கிறார்கள். முனையில் உள்ள துளி கூம்பாக நீண்டு, அதிலிருந்து ஒரு தாரை பீச்சியடிக்கும். காற்றிலேயே கரைப்பான் ஆவியாகி, எதிரே உள்ள தகட்டில் பஞ்சு மாதிரி மெல்லிய இழைகள் படியும். அன்டன் ஃபோர்ம்ஹால்ஸ் 1934-லேயே காப்புரிமை வாங்கிய பழைய நுட்பம் இது. 2000-க்குப் பிறகு திசுப் பொறியியல்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். காரணம் எளிது. கருவிக்குச் செலவு குறைவு, மின்னணு நுண்ணோக்கியில் படம் அழகாக வரும். நம் நாட்டிலும் பல கல்லூரி ஆய்வகங்களில் இந்தக் கருவி இருக்கிறது.

கொலாஜனையே இப்படி நூற்றால் இயற்கைச் சாரம் அப்படியே கிடைத்துவிடாதா? அந்த ஆசையில் பல கட்டுரைகள் வந்தன. ஆனால் கொலாஜன் சாதாரணத் திரவங்களில் எளிதில் கரையாது. அதனால் ஃபுளோரின் கலந்த வீரியமான ஆல்கஹால்களில் கரைத்து நூற்றார்கள். வெளியே வந்த இழை, அளவில் அசல் கொலாஜன் நுண்ணிழை மாதிரியே இருந்தது. படத்தைப் போட்டு, "இயற்கைச் சாரத்தை ஒத்திருக்கிறது" என்று எழுதினார்கள்.

2008-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து சியூகோலிஸ் குழுவினர் பயோமெட்டீரியல்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பிலேயே ஒரு கேள்வி: கொலாஜனை மின்நூற்பு செய்வது, ஜெலட்டின் தயாரிக்க ஒரு செலவு பிடித்த வழி மட்டும்தானா? அவர்கள் இழையின் தடிமனோடு நிறுத்தாமல், உள்ளே முறுக்கு இருக்கிறதா என்று சோதித்தார்கள். கரைப்பானும் மின்நூற்பும் சேர்ந்து முப்புரியை அவிழ்த்திருந்தன. பாயாவைத்தான் பல்லாயிரம் வோல்ட் கொடுத்துச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்!

இந்தத் துறையில் நான் வாசித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த கட்டுரை இதுதான். எல்லாரும் வெளித்தோற்றத்தை அளந்துகொண்டிருந்தபோது, சென்னையில் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுபிடித்த அந்த அமைப்பு இருக்கிறதா என்று கேட்ட கட்டுரை. அதற்குப் பிறகு சிலர் மென்மையான கரைப்பான்களுக்கு மாறினார்கள். அது நல்ல மாற்றம். ஆனாலும், இழையின் தடிமனை மட்டும் காட்டிவிட்டு முறுக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத கட்டுரைகளை அதன் பிறகும் பார்க்க முடிகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்நூற்பில் இழைகள் நெருக்கமாகப் படிவதால், நடுவிலுள்ள துளைகள் பெரும்பாலும் செல்லைவிடச் சிறியவை. செல்லின் அளவு 10, 20 மைக்ரோமீட்டர். சாரத்துக்குள்ளே நுழைய வழியில்லாமல் செல்கள் மேலேயே பாய் விரித்துப் படுத்துவிடும். அதோடு, ரத்தக்குழாயிலிருந்து 100, 200 மைக்ரோமீட்டருக்குமேல் தள்ளியிருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் போதாது. அதாவது இழைக்கு நானோ அளவு வேண்டும், ஆனால் வாசலுக்கு மைக்ரோ அளவு வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் யானஸும் பர்க்கும் தீப்புண்ணுக்குச் செய்த கொலாஜன் சாரத்தில் அவர்கள் கவனமாகச் சரிசெய்தது துளைகளின் அளவைத்தான். இண்டெக்ரா என்ற பெயரில் அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

தட்டில் ஜெயிப்பதும் காலில் ஜெயிப்பதும்

எங்கள் தொழிலில் ஒரு கேலி உண்டு: "என் மெஷின்ல ஓடுதே!" வாடிக்கையாளர் இடத்தில் படுத்துவிடும் மென்பொருளுக்கு, எழுதியவர் சொல்லும் சமாதானம் அது. நானோ சாரக் கட்டுரைகளிலும் அதே குரல் கேட்கிறது.

வழக்கமான சோதனை என்ன? எலியின் இணைப்புத்திசு செல்களைச் சாரத்தின்மேல் விட்டு, 1, 3, 7 நாட்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பது. மஞ்சள் உப்பு ஒன்றைச் சேர்த்தால் உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். நிறத்தை அளந்தால் போதும். இந்தச் சோதனை சொல்வது ஒன்றே ஒன்று: "இந்தப் பொருள் உடனே விஷமாகவில்லை." அதை வைத்துக்கொண்டு கடைசிப் பத்தியில் "சர்க்கரைப் புண்ணுக்கு நம்பிக்கையளிக்கும் சாரம்" என்று முடித்துவிடுகிறார்கள். இடையில் எத்தனை படிகள் விடுபட்டிருக்கின்றன!

அடுத்த படி எலி. மாடு, ஈயை விரட்ட உடம்பை அசைக்காமல் தோலை மட்டும் சிலிர்க்கும், பார்த்திருப்பீர்கள். தோலுக்கு அடியில் அதற்கென்று ஒரு தசைப்படலம் இருக்கிறது. எலிக்கும் அது உண்டு. எலி முதுகில் புண் ஏற்படுத்தினால், அந்தத் தசை தோலை இழுத்து, சுருக்குப்பை வாயை இறுக்கின மாதிரி புண்ணைப் பெருமளவு மூடிவிடும். மனிதனுக்கு அந்தத் தசை கழுத்துப் பக்கம் போன்ற சில இடங்களில்தான் மிச்சம். நமக்குப் புண் ஆறுவது முக்கியமாக அடியில் புதுத் திசு நிரம்பி, ஓரத்திலிருந்து தோல் வளர்ந்து வந்துதான். ஆகவே "14-ஆம் நாளில் எலியின் புண் மூடியது" என்ற படத்தில், சாரத்தின் பங்கு எவ்வளவு, எலித் தசையின் பங்கு எவ்வளவு? பிரித்துக் காட்டாத படத்துக்கு மதிப்புக் குறைவு.

"சர்க்கரை எலி" என்பதும் பெரும்பாலும் ஒரு ரசாயனத்தால் கணையத்தைக் கெடுத்து, சில வாரம் சர்க்கரையை ஏற்றிய எலிதான். பதினைந்து வருஷம் சர்க்கரையோடு வாழ்ந்து, நரம்பு மரத்து, ரத்தக்குழாய் அடைத்த ஒரு விவசாயியின் கால் அது இல்லை.

ஆய்வாளர்களை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. முனைவர் பட்டத்துக்குக் கையில் இருப்பது சில வருஷம். தட்டில் செய்யும் சோதனைக்கு வாரங்கள் போதும். மனிதரில் செய்யும் சோதனைக்கு நெறிமுறைக் குழு அனுமதி, மருத்துவர்கள், பணம், பல வருஷப் பொறுமை எல்லாம் வேண்டும். எதை அளப்பது சுலபமோ அதையே அளப்பது மனித இயல்பு. ஆனால் அளந்தது எதுவோ அதை மட்டும் சொல்லலாமே? கடைசிப் பத்தியில் அளக்காததை ஏன் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அவசரப்பட்டால் என்ன ஆகும்

இது வெறும் நடைப் பிரச்சினை இல்லை. 2011 ஜூனில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மாக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், எரித்திரியாவைச் சேர்ந்த ஒரு முதுகலை மாணவருக்குச் செயற்கை மூச்சுக்குழாய் பொருத்தினார். லண்டனில் செய்த நானோ கலவைப் பாலிமர் குழாய். அதன்மேல் நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜைச் செல்கள். அதே ஆண்டு லான்செட்டில் கட்டுரை வந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் இந்த முறையை முதலில் விலங்குகளில் முறையாகச் சோதிக்கவே இல்லை என்பது பின்னால் வெளிவந்தது. பிளாஸ்டிக் குழாய்க்குள் ரத்தக்குழாய் வளரவில்லை, மூச்சுக்குழாயின் உள்தோல் உருவாகவில்லை. அந்த மாணவர் 2014 ஜனவரியில் இறந்தார். அங்கே இதே சிகிச்சை பெற்ற மற்ற இருவரும் பிழைக்கவில்லை. 2018-ல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2023-ல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

ஒரு தனி மனிதரின் குற்றம் என்று இதைத் தாண்டிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "செல் ஒட்டுகிறது, ஆகவே திசு வளரும்" என்ற தாவல், சாதாரண ஆய்வுக்கட்டுரையின் கடைசிப் பத்தியிலும் இருக்கிறது. அங்கே அது காகிதத்தில் நின்றுவிடுகிறது. ஸ்டாக்ஹோமில் அது அறுவை மேசை வரை போனது.

உண்மையில் கைக்கு வந்தவை

அப்படியென்றால் எதுவுமே உருப்படவில்லையா? அப்படியில்லை. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் விலங்குக் கொலாஜனிலிருந்து தீப்புண்ணுக்கான மெல்லிய தாள்களை உருவாக்கியது. அப்படிப்பட்ட கொலாஜன் தாள்கள் இன்று நம் மருத்துவமனைகளில் பழகிப்போன பொருள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கிச் சாரத்தை மட்டும் எடுத்துச் செய்த கோலிடெர்ம், 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்றது. மருத்துவக் கருவிகளில் மிகக் கடுமையான சோதனை தேவைப்படும் 'டி' பிரிவில் வரும் பொருள் அது. மேலைநாடுகளில் நானோ வெள்ளி பூசிய கட்டுத்துணி 1990-களிலிருந்தே கிருமியைக் கட்டுப்படுத்தப் புழக்கத்தில் இருக்கிறது.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறதா? முதல் இரண்டிலும் நானோ அமைப்பை மனிதன் உருவாக்கவில்லை. மாடும் பன்றியும் ஏற்கெனவே கட்டி வைத்திருந்ததை முடிந்தவரை கெடுக்காமல் எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது பொருள் திசு வளர்ப்பதாக வாக்குக் கொடுக்கவில்லை. கிருமியைக் கொல்லும் என்ற ஒரே வேலைக்கு வந்தது. சிறிய வாக்குறுதி, நிறைவேறிய வாக்குறுதி.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து தொழுநோயாளிகளின் கை கால்களைக் கவனித்த பால் பிராண்ட், அவர்களின் கால் புண் ஏன் ஆறவில்லை என்று பார்த்தார். சதை கெட்டுப்போனது காரணமில்லை. வலி தெரியாத கால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப மிதிபடுவதே காரணம். அழுத்தத்தை எடுத்துவிட்டால் அதே சதை ஆறியது. அழுத்தத்தை எடுக்க உதவுபவைதான் நுண்துளை ரப்பர் செருப்பும், காலோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டும். இன்றைக்கும் சர்க்கரைப் பாதப் புண்ணுக்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்லும் முக்கியமான விதி அழுத்தத்தை நீக்குவதுதான். கூடவே செத்த சதையை அகற்றுவது, கிருமியைக் கட்டுப்படுத்துவது, ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது. இந்த நான்கும் நடக்காத காலில் எந்தச் சாரம் வைத்தாலும், வெள்ளம் போகிற வாய்க்காலில் சாரம் கட்டினது போலத்தான்.

வாசிக்கும்போது கேட்க வேண்டியவை

இப்போதெல்லாம் ஒரு நானோ சாரக் கட்டுரையையோ செய்தியையோ எடுத்தால் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

1. இழையின் தடிமனை மட்டும் சொல்கிறார்களா, உள்ளமைப்பு சிதையவில்லை என்றும் காட்டுகிறார்களா?
2. செல்கள் மேற்பரப்பில் ஒட்டினவா, உள்ளே நுழைந்தனவா? ரத்தக்குழாய் வந்ததா?
3. சோதனை தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எலி என்றால், தோல் சுருங்குவதைத் தடுக்க ஏதாவது செய்தார்களா?
4. எதோடு ஒப்பிட்டார்கள்? ஒன்றுமே செய்யாத புண்ணோடா, இல்லை ஒழுங்காகக் கவனிக்கப்பட்ட புண்ணோடா?
5. கடைசிப் பத்தி சொல்வதும் அட்டவணை சொல்வதும் ஒன்றுதானா?

நான்காவது கேள்வியில்தான் நிறைய கட்டுரைகள் தடுக்கி விழுகின்றன. ஒரு நானோ சாரம், நல்ல செருப்பும் சரியான கட்டும் போட்ட காலைவிட வேகமாகப் புண்ணை ஆற்றினால், அது நிஜமான சாதனை. அந்த ஒப்பீட்டை நடத்த நம் மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்தும் கரும்புக் கொல்லையிலிருந்தும் வரும் நோயாளிகள் இருக்கிறார்கள். சாரம் செய்யும் ஆய்வகமும் புண்ணைக் கட்டும் வார்டும் ஒன்றாக உட்கார்ந்து கேள்வியை எழுதினால், கட்டுரையின் கடைசிப் பத்தி தானாகவே அடக்கமாகிவிடும்.

அதுவரைக்கும், "தம்பி, இது நெசமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஆராய்ச்சி நெசம்தாங்க. மருந்துக்கடைக்கு வர இன்னும் தூரம் இருக்கு. அதுக்காகக் காத்திருக்காதீங்க. சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வைங்க, ராத்திரி படுக்கும் முன்னாடி ரெண்டு பாதத்தையும் வெளிச்சத்துல பாருங்க, சின்னக் காயம் இருந்தாலும் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்க. கொல்லைக்குப் போகும்போது நல்ல செருப்புப் போட்டுட்டுப் போங்க.